கீழடிக்கு யூடியூப்தான் சான்றா?
தெரிந்த தம்பி ஒருவன் தன் ஆய்வேட்டில் ஓர் இயலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான். “கீழடி நாகரிகம் கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது” என்று ஒரு வரி. அடிக்குறிப்பில் யூடியூப் இணைப்பு! கேட்டால், “எல்லாரும் சொல்றதுதானே அக்கா” என்கிறான்.

சரி, அந்த எல்லாருக்கும் யார் சொன்னது? தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரிக்கு கி.மு. 580 என்று காலக்கணிப்பு வந்தது. அறிக்கையைத் திறந்து படித்துப் பக்க எண்ணோடு கொடுத்தால்தான் அது சான்று. ஒரு மாதிரியின் காலத்தை ஊர் மொத்தத்துக்கும் எழுதிவைக்கலாமா என்ற கேள்வியும் அப்போதுதான் எழும். காணொளியில் அந்த ஆழமெல்லாம் எங்கே வரப்போகிறது? மதுரையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் கீழடி. அந்த ஊருக்கே இந்தக் கதி.

அப்புறம் இந்த இனிஷியல் பஞ்சாயத்து. துணைநூற்பட்டியல் தயாரித்துத் தரும் மேற்கோள் மென்பொருளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அதில் அப்பா பெயரைப் போட்டுவிடுகிறார்கள். துணைநூற்பட்டியலில் பார்த்தால் மகள் எழுதிய நூலுக்கு அப்பா ஆசிரியர் ஆகியிருப்பார்! பட்டியலில் நம்மவர்களுக்கு இயற்பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். அவ்வளவுதான்.

சொந்த நடையில் மாற்றி எழுதினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயர் வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித்தர வேண்டும், 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. தம்பி இப்போது அறிக்கையின் பிடிஎஃப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான்.