உட்காரச் சொல்லி ஒரு டாக்டர் சீட்டு

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சுடிதார் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம். மொட்டைமாடி மெஸ்ஸுக்குப் படியேறிப் போய் இறங்கி வருவதும் அந்த அரைமணிக்குள்தான், ஏனென்றால் லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஆளே வராத மதிய நேரத்தில் ரேக்கில் கொஞ்சம் சாய்ந்தாலும் கேமராவில் பார்த்துவிட்டு ஆள் அனுப்புவார்கள். மறுபடி சாய்ந்தால் சம்பளத்தில் பிடித்தம். வாடிக்கையாளர் உட்கார ஸ்டூல் கண்ணெதிரே கிடக்கும். அதில் நாங்கள் உட்காரக் கூடாது.

முதலில் கணுக்கால்தான் வீங்கியது. செருப்பு வார் அழுந்திய தடம் தூங்கி எழுந்த பிறகும் மறையவில்லை. அப்புறம் கெண்டைக்காலில் நீலமாக நரம்பு புடைத்து, கயிறு போல முறுக்கிக்கொண்டு நின்றது. ராத்திரியில் இழுத்துப் பிடிக்கும். எங்கள் ஹாஸ்டல் அறையில் படுக்கும் முன்னால் எல்லோரும் சுவரோரம் மல்லாந்து, காலை மேலே தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வோம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எனக்கு முன்னால் வந்த அக்காக்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம். வெள்ளையடித்த சுவரில் குதிகால் பட்ட அழுக்கு ஒரே உயரத்தில் கோடாக ஓடும்.

டாக்டர் பார்த்துவிட்டு வெரிகோஸ் வெயின் என்றார். கால் ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதைதான், நடந்தால் அது சுருங்கி விரிந்து வேலை செய்யும், அசையாமல் நின்றால் செய்யாது என்று விளக்கினார். ரத்தம் கீழேயே தேங்கத் தேங்க, அது திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வுகள் கெட்டுப்போகின்றனவாம். இறுக்கமான காலுறை போட வேண்டும், இடையிடையே உட்கார்ந்து காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மேனேஜரிடம் நீட்டினேன். எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதர், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஊர்க்காரர், புரிந்துகொள்வார் என்று நம்பித்தான் போனேன். அவர் முழுதாகக்கூடப் படிக்கவில்லை.

"எல்லாப் பிள்ளைகளும்தான் நிக்கி. உனக்கு மட்டும் கால் வேறயா? முடியலைன்னா ஊருக்குப் போ. உங்கப்பாகிட்ட நான் பேசுதேன்."

சீட்டு மேசை டிராயருக்குள் போனது. அடுத்த வாரமே என்னை மூன்றாவது மாடி குழந்தைகள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே ஏறி இறங்குகிற வேலை இன்னும் அதிகம். வலியைவிட அந்த வார்த்தைதான் என்னை அதிகம் படுத்தியது. அப்பாவிடம் பேசுவேன் என்று அவர் சொன்னது அக்கறையில் அல்ல, மிரட்டலாகத்தான். வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்கு என் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இது நடந்தபோது சட்டம் ஏற்கெனவே வந்துவிட்டது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் தமிழக அரசு 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்ணும் அவருடைய பெண்கூட்டு அமைப்பும் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய போராட்டம்தான் நாற்காலி வரை வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு அக்கா. கடையில் யாரும் மூச்சு விடவில்லை.

அந்த அக்காதான் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு மருந்தகத்துக்கும் கூட்டிப்போனார். மாதாமாதம் சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிப்பது எதற்கென்றே அதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம். அந்தப் பணத்தில்தான் எனக்கு ஸ்கேனும் லேசர் சிகிச்சையும் நடந்தன. மருத்துவர் சான்று கொடுத்தால், காப்பீட்டுக்குச் சந்தா கட்டிய நாட்கள் போதுமான அளவு இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் உதவித்தொகை உண்டு. இவ்வளவு நாள் கையில் சும்மா இருந்த இ.எஸ்.ஐ. கார்டுக்கு இவ்வளவு பயன்.

நான் சிகிச்சையில் இருந்தபோது "வேலையை விட்டு நின்றுவிட்டாள்" என்று பதிவேட்டில் எழுதப் பார்த்திருக்கிறார்கள். அப்போது நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்கால உதவி பெறும் ஊழியரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அதையும் 22-ஏ-வையும் குறிப்பிட்டு, சான்றின் நகலோடு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினேன். தொழிலாளர் துறைக்கும் ஒரு நகல் போனது.

திரும்பிப் போனபோது அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் பெயர் பதிவேட்டில் இருந்தது. செக்‌ஷனுக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் ஸ்டூலும் வந்திருந்தது. ஆறு பேருக்கு ஒன்று. அதுவும் டிரயல் ரூமுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில். உட்காருவது என்ன வெட்கப்படும் காரியமா? எனக்கு அதில் இன்றும் கோபம்தான். ஆனாலும் கண்ணீரோடு கேட்டபோது டிராயருக்குள் போன விஷயம், காகிதத்தில் பிரிவு எண்ணோடு போனபோது ஸ்டூலாகவாவது வந்தது. அவர் மனசு மாறவில்லை. மாற வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை.

பிறகு வேறு கடையில் பில் கவுண்டருக்கு மாறினேன். அங்கே நாற்காலி உண்டு. பழைய கடைப் பிள்ளைகள் இப்போதும் போன் பண்ணுவார்கள். யாருக்காவது கால் வீங்கினால், முதலில் மருந்தகத்துக்குப் போய்ச் சான்று வாங்கு, நகல் எடுத்து வை, மேனேஜரிடம் வாயால் மட்டும் சொல்லாதே என்பேன். ஆடித் தள்ளுபடி வந்தால் கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்று அந்த ஸ்டூல்களைக் குடோனுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். அதையும் தேதி போட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.