"கடலை இருக்கா?" என்று கேட்டால் போதாது

சேலத்தில் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையை வளர்ப்பவர்களுக்கு முதல் சிக்கல் "கடலை" என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலை. கடலை மாவு என்றால் கடலைப்பருப்பு. கடலை மிட்டாயில் மறுபடியும் நிலக்கடலை. சுண்டலில் கொண்டைக்கடலை. பொரிகடலையில் பொட்டுக்கடலை, சில இடங்களில் அதோடு நிலக்கடலையும் சேரும். "கடலை போட்டிருக்கீங்களா?" என்று கேட்டால் கடைக்காரர் மனதில் எந்தக் கடலை வருகிறதோ அதற்குத்தான் பதில் கிடைக்கும். அவர் மனமறிந்து ஏமாற்றுவதில்லை, நம் கேள்விதான் அரைகுறை.

பொருளையும் அது எந்த வடிவத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். "அண்ணா, சட்னியில நிலக்கடலை அரைச்சிருக்கீங்களா? மேல பொடி தூவியிருக்கா? எந்த எண்ணெயில சுட்டது?" மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். "கொஞ்சமாத்தான் இருக்கும்" என்றால் அங்கே எதுவுமே வேண்டாம்.

பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு எல்லாம் நிலக்கடலைச் செடியில் விளைபவை அல்ல. நிலக்கடலை ஆகாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இவை ஒத்துக்கொள்ளும், சிலருக்கு ஆகாது. ஒவ்வாமை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பயந்துபோய் எல்லாப் பருப்பையும் நிறுத்திவிடாதீர்கள், வளர்கிற பிள்ளைக்குப் புரதம் வேண்டும். ஆனால் பொட்டுக்கடலையைச் சில்லறையாக வாங்காமல் உறை போட்ட பாக்கெட்டாக வாங்குங்கள். மளிகைக் கடையில் நிலக்கடலைச் சாக்கில் அள்ளிய அதே கரண்டிதான் அடுத்த சாக்குக்கும் போகும்.

வீட்டில் அதிகம் கோட்டை விடும் இடம் மிக்ஸி ஜார். பிளேடைக் கழற்றிப் பார்த்தால் அடியில் கறுப்பு வாஷரும் அதன் பள்ளத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையமும் தெரியும். நேற்று அரைத்த சட்னியின் மிச்சம் அது. கழுவினாலும் முழுதாகப் போகாது, இன்று அரைக்கும் தேங்காய்ச் சட்னியில் கலந்துவிடும். பிள்ளைக்குத் தனி ஜார் வைத்து, மூடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். தோசைக்கல்லைத் தேய்க்கும் பாதி வெங்காயமும் எண்ணெய்க் கிண்ணமும் அதே வகைதான். கிண்ணத்தில் கடலை எண்ணெய் இருந்தால் கல் முழுக்கப் பரவும்.

செக்கு எண்ணெயில் நிலக்கடலைப் புரதம் தங்கியிருக்கும், ரீஃபைன்ட் எண்ணெயில் பெரும்பகுதி நீங்கிவிடும். செக்கு எண்ணெய் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது, இந்தப் பிள்ளைக்கு அது பொருந்தாது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயையும் நம்பிவிட முடியாது. காலையில் நிலக்கடலை ஆட்டிய செக்கிலேயே மதியம் தேங்காயை ஆட்டுவார்கள்.

தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்லாமல் சேலத்தில் எதையும் சொல்லி முடிக்க முடியாது. தள்ளுவண்டிக்காரர் கையைக் கவனியுங்கள். ஒரு தட்டுவடை, அதன் மேல் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. அந்தக் கை இதற்கு முன் நொறுக்கல் (தட்டுவடையை நொறுக்கிச் சட்னியோடு கலப்பது) கலந்தது, அதற்கு முன் நிலக்கடலை அள்ளியது. "கடலை போடாம ஒரு செட்டு" என்று கேட்டால் போடாமல் கொடுப்பார். கையில் ஒட்டியிருப்பதை என்ன செய்வது? வீட்டிலேயே செய்துவிடலாம். 2 டம்ளர் அரிசி மாவு, 2 மேசைக்கரண்டி வறுத்த உளுத்தம் மாவு, அரை மணி நேரம் ஊறிய கடலைப்பருப்பு 2 மேசைக்கரண்டி, 1 மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள். மாவு தளர்ந்தால் எண்ணெய் குடிக்கும், கெட்டியாகப் பிசையுங்கள்.

ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது, அதில் தனியாகப் பயமில்லை. ஜவ்வரிசி வடைக்கும் கிச்சடிக்கும் நிலக்கடலையைப் பொடித்துப் போடுவார்கள், அதுதான் ஆகாது.

பாக்கெட் உணவில் நிலக்கடலை, மரக்கொட்டைகள் (முந்திரி, பாதாம் போன்றவை), பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் தனியாக அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. எள் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஆகாத பிள்ளை என்றால் சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும். அதே பிஸ்கட்டின் சேர்மானம் மாதத்துக்கு மாதம் மாறலாம்.

ஆடி முதல் நாள் தேங்காய் சுடும்போது பிள்ளையை ஒதுக்கி வைக்க வேண்டாம். தேங்காய்க்குள் போகும் அவல், வெல்லம், பாசிப்பருப்பு, பொட்டுக்கடலை, எள் எல்லாம் ஒரே தாம்பாளத்தில் கலந்து, சில வீடுகளில் நிலக்கடலையும் விழும். பிள்ளையின் தேங்காயை முதலில் நிரப்பிவிடுங்கள், தனிக் கிண்ணம், தனி ஸ்பூன், ஆகாததை விட்டுவிட்டு. அழிஞ்சில் குச்சியைச் செருகி அதில் ஒரு நூல் கட்டிவிட்டால் நெருப்பில் எது யாருடையது என்று குழம்பாது. உடைத்துத் தின்னும்போது மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தொடட்டும். வெறும் தண்ணீரோ சானிடைசரோ நிலக்கடலைப் புரதத்தை முழுதாக எடுக்காது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் தப்பு நடக்கலாம். உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் "காணாக்கடி" என்று வெற்றிலையில் மிளகு வைத்துக் கொடுப்பதும் மந்திரிக்கக் கூட்டிப்போவதும் வழக்கம். பாட்டி, அம்மாயி எல்லோரிடமும் முன்கூட்டியே பொறுமையாகப் பேசி வையுங்கள்: அந்த நிமிடங்கள் திரும்பக் கிடைக்காது. தடிப்போடு இருமல், இளைப்பு, கரகரத்த அழுகை, ஓயாத வாந்தி, திடீரென்று துவண்டு போவது, இதில் ஒன்று சேர்ந்தாலே, கடுமையான ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிதான். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரும். செட்டிரிசின் சிரப் அரிப்பைத் தணிக்கும், மூச்சடைப்பை நிறுத்தாது.

அட்ரினலினைத் தானாகக் குத்தும் பேனா ஊசி நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் மருத்துவர்கள் ஆம்பூலையும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சையும் கொடுத்துப் பழக்குகிறார்கள். 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள ஆம்பூலில், கிலோவுக்கு 0.01 மி.லி., அதாவது 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மி.லி. உங்கள் பிள்ளைக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, சிரிஞ்சில் அந்தக் கோட்டின் மேல் மார்க்கரால் குறித்து வையுங்கள். 1 மி.லி. சிரிஞ்சாக, நூறு கோடு உள்ளதாக இருக்கட்டும். இன்சுலின் சிரிஞ்சு கூடவே கூடாது. நம் ஊரில் 40 யூனிட், 100 யூனிட் இரண்டும் புழங்குகின்றன, கோடு மாறினால் அளவு இரண்டரை மடங்கு தவறும். அதன் ஊசி தசை வரைக்கும் போகவும் போகாது.

குத்தும் இடம் தொடையின் வெளிப்பக்கம், நடுவில். மெல்லிய துணி மேலேயே குத்தலாம். பிறகு 108. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்காரவைக்கலாம், நடக்கவிடக் கூடாது. 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது ஊசி. தெளிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும். ஊசி குத்திப் பழகுவதற்கு ஏற்காட்டு ஆரஞ்சு ஒன்றும் வெறும் தண்ணீரும் போதும். ஆம்பூல் கழுத்தைப் பஞ்சு வைத்து உடைக்கும் அந்த ஒரு அசைவில்தான் கை நடுங்கும், அதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள்.

ஏற்காடு போகிறீர்கள் என்றால் ஆம்பூல் இரண்டுக்குக் குறையாமல் எடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் விரைந்து வர முடியாது. வளைவில் வரும் வாந்தியையும் ஒவ்வாமை வாந்தியையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க, ஏறும்போது தின்பதற்கு எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஏரிக்கரையில் அவித்த கடலை விற்கும் பக்கம் உட்காரவைக்காதீர்கள். வாசனையால் ஆபத்து வருவது அரிது, ஆனால் கீழே கிடக்கும் தோலை எடுத்து வாயில் வைப்பதுதான் மூன்று வயதின் வேலை. சேலம் வெயிலில் ஆம்பூலை வண்டிப் பெட்டியிலோ காரிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். மருந்து பழுப்பாக மாறியிருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆடி முதல் நாளும் பொங்கலும் வரும்போது பிள்ளையை எடை போடுங்கள். இரண்டு கிலோ கூடியிருந்தால் அளவை மருத்துவரிடம் புதிதாக எழுதி வாங்கி, சிரிஞ்சில் பழைய கோட்டை அழித்துவிடுங்கள்.