'வழங்கலாம்' என்ற ஒரு சொல்

மின்னிதழ்களுக்கான உரிம ஒப்பந்தங்களைப் பேசி முடிக்கும் பொறுப்பு எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் என்னிடம் வந்த புதிதில், பேச்சுவார்த்தை என்பது விலையைக் குறைப்பதுதான் என்று நம்பியிருந்தேன். ஆண்டுதோறும் ஏறும் சந்தாவில் ஒரு பகுதியைக் குறைத்துவிட்டால் என் வேலை முடிந்தது என்று எண்ணி, மீதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவேன். அப்படி முடித்த ஓர் ஒப்பந்தத்தைச் சில ஆண்டுகள் கழித்து நிதி நெருக்கடியால் புதுப்பிக்காமல் விட்டபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது.

ஒரு முனைவர் பட்ட மாணவி மடிக்கணினியோடு வந்து நின்றார். முந்தைய ஆண்டு எங்கள் நூலகத்தின் வழியாகவே படித்துக் குறிப்பெடுத்த கட்டுரைக்கு இப்போது திரை பணம் கேட்டது. இருவரும் அடுக்குக்குச் சென்று பார்த்தோம். அட்டை போட்டுத் தைத்த இதழ்த் தொகுதிகள், அச்சுப் பிரதியை நிறுத்திய ஆண்டுவரை வரிசையாக இருந்தன. அதற்குப் பிறகு நாங்கள் பணம் கட்டிய ஆண்டுகளுக்கு ஒரு தாள்கூட இல்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். சந்தா முடிந்த பின்னும், பணம் செலுத்திய ஆண்டுகளின் இதழ்களைப் பதிப்பாளர் 'வழங்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. 'வழங்க வேண்டும்' என்று இருந்திருக்க வேண்டிய இடம் அது. அந்த மாணவியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அச்சு இதழை வாங்கினால் அது நூலகத்தின் உடைமை. சந்தாவை நிறுத்திவிட்டோம் என்பதற்காக யாரும் வந்து அடுக்கிலிருந்து அதை எடுத்துச் செல்ல முடியாது. மின்னிதழில் கிடைப்பது உரிமம் மட்டுமே. ஆகவே இப்போதெல்லாம் வரைவு வந்ததும், விலைப் பட்டியலைத் தொடுவதற்கு முன், ஒப்பந்தம் முடிவுறுவது பற்றிய பிரிவைத்தான் படிக்கிறேன். நிரந்தர அணுக்கம், அதாவது சந்தா நின்ற பிறகும் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்கும் உரிமை, உண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அது பதிப்பாளரின் தளத்திலேயே தொடருமா, அதற்குத் தனியே பராமரிப்புக் கட்டணம் உண்டா, இதழ் வேறொரு பதிப்பாளரின் கைக்கு மாறினால் நம் உரிமையும் கூடவே செல்லுமா என்பவற்றை எல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மின்னிதழ்களின் பிரதிகளைப் பாதுகாத்து வைக்கும் போர்ட்டிகோ போன்ற காப்பகத்தில் இதழ் இருக்கிறது என்ற பதிலில் நான் ஒருமுறை நிம்மதி அடைந்ததுண்டு. ஆனால் சந்தா நின்ற பிறகு அங்கிருந்து வழங்கப் பதிப்பாளர் தனியே இசைந்திருந்தால்தான் அது நமக்குத் திறக்கும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 தொடக்கத்தில் ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் நிறுவனத்துடனான பேச்சை முறித்துக்கொண்டு, 2021 மார்ச்சில் புதிய உடன்பாடு வரும்வரை தாக்குப்பிடித்ததற்கு, பழைய ஒப்பந்தங்களில் இந்த உரிமை இருந்ததும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்; 2018 வரை வெளியான கட்டுரைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய ஆய்வாளர்களுக்குத் தொடர்ந்து கிடைத்தன. எழுந்து போக முடிந்தவர்களால்தான் உட்கார்ந்து பேரம் பேச முடிகிறது.

மற்றப் பிரிவுகளிலும் போராட்டம் உண்டு. நூலகத்துக்கு நேரில் வரும் பொதுமக்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்பதற்குள் அடங்குவார்களா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். வேறொரு நூலகத்துக்குக் கட்டுரை அனுப்புவதானால் அதை அச்சிட்டு, மீண்டும் ஸ்கேன் செய்துதான் அனுப்ப வேண்டும் என்ற பழைய நிபந்தனையை இன்னும் சில வரைவுகளில் காண்கிறேன். விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற ரகசியப் பிரிவை ஏற்பதில்லை என்று கார்னெல் பல்கலைக்கழக நூலகம் 2011இல் அறிவித்தது; அதைப் படித்த பிறகு நானும் அந்தப் பிரிவை அடித்துவிட்டே வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். பொதுப் பணத்தில் என்ன விலை கொடுத்தோம் என்பது மறைக்க வேண்டிய செய்தி அல்ல.

அந்தப் பழைய பதிப்பாளருடன் பின்னர் மீண்டும் ஒப்பந்தம் செய்தோம். 'வழங்கலாம்' என்பதை மாற்றக் கடிதங்கள் பல மாதம் போய் வந்தன. முன்பு பணம் கட்டிய ஆண்டுகளையும் சேர்க்கக் கேட்டேன்; அதை அவர்கள் ஏற்கவில்லை. புதிதாகப் பணம் கட்டும் ஆண்டுகளுக்கு மட்டும் 'வேண்டும்' என்று எழுதித் தந்தார்கள்.