துபாய்ப் பள்ளி வேலை: பள்ளி தரும் வீடா, அலவன்ஸ் வாங்கி நாமே எடுக்கும் வீடா?

துபாயில் வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வதற்குப் பெயர் எஜாரி. பள்ளி தந்த ஃப்ளாட்டை விட்டு நாங்களே வீடு எடுத்தபோது எங்கள் எஜாரி நான்காவது முறைதான் பதிவானது. முதல் முறை திரும்பியதற்குக் காரணம், அந்த ஃப்ளாட்டில் முன்பு குடியிருந்தவரின் எஜாரி ரத்தாகாமல் கிடந்தது. இரண்டாவது முறை, உரிமையாளருக்காகக் கையெழுத்துப் போட்டவரின் பவர் ஆஃப் அட்டர்னி காலாவதி. மூன்றாவது முறை போனால், ரத்து செய்துவிட்டதாக ஏஜென்ட் சத்தியம் செய்த அதே பழைய எஜாரி அப்படியே இருந்தது. எங்கள் தாள் ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனாலும் வாடகை ஓடியது, பள்ளி ஃப்ளாட்டின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

எஜாரி இல்லாவிட்டால், துபாயின் மின்சார, குடிநீர் நிறுவனமான தேவா கரண்டும் தண்ணீரும் கொடுக்காது. கரண்ட் இல்லாமல் ஏசி இல்லை. செப்டம்பரில் ஏசி இல்லாத துபாய் வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஓர் இரவுகூடத் தங்க முடியாது. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: செக் கொடுப்பதற்கு முன்பே "பழைய எஜாரி ரத்தான ஆதாரம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது. உரிமையாளர் நேரில் கையெழுத்துப் போடாவிட்டால் பவர் ஆஃப் அட்டர்னியின் கடைசித் தேதியையும், அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். இந்த இரண்டையும் பார்த்திருந்தால் எங்களுக்கு மூன்று நடை மிச்சம்.

இனி கணக்கு. அலவன்ஸை மாத வாடகையோடு ஒப்பிட்டு "கட்டுப்படியாகும்" என்று முடிவு செய்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. துபாயில் வாடகை வருடக் கணக்கு. வரப்போகும் தேதிகளிட்ட செக்குகளாக, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை பிரித்துக் கொடுக்கலாம். செக் எண்ணிக்கை குறையக் குறைய வாடகையில் பேரம் பேச முடியும். வருட வாடகை 60,000 திர்ஹாம், நான்கு செக் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் முன் வெளியே போகும் பணம் இது: முதல் செக் 15,000, டெபாசிட் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 3,000 (ஃபர்னிச்சரோடு என்றால் 10 சதவீதம்), ஏஜென்ட் கமிஷன் 5 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் சேர்த்து 3,150, எஜாரி சென்டரில் சுமார் 220, தேவா டெபாசிட் ஃப்ளாட்டுக்கு 2,000, இணைப்புக் கட்டணம் நூறுக்குச் சற்று மேல். மொத்தம் கிட்டத்தட்ட 23,500 திர்ஹாம். கட்டில், ஃப்ரிட்ஜ், அடுப்பு, வாஷிங் மெஷின் எல்லாம் இதற்கு மேல். ஊரிலிருந்து வந்து இறங்கிய முதல் மாதத்தில் ஒரு ஆசிரியரிடம் இந்தத் தொகை இருக்காது.

அலவன்ஸ் மாதச் சம்பளத்தோடுதான் வரும் என்பதை மறக்காதீர்கள். சில பள்ளிகள் வருட வாடகையை முன்பணமாகக் கொடுத்து மாதாமாதம் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொரு ஏற்பாடும் உண்டு: பள்ளியே தன் பெயரில் குத்தகை எடுத்து, உங்கள் அலவன்ஸில் கழித்துக்கொள்ளும். அப்போது எஜாரி பள்ளியின் பெயரில் இருக்கும், டெபாசிட்டும் பள்ளிக்கே திரும்பும். நீங்கள் தேர்ந்தெடுத்த வீடாக இருந்தாலும் வேலையை விட்டால் வீடும் போய்விடும்.

மாதச் செலவில் பலரும் கவனிக்காதது வீட்டுக் கட்டணம். வருட வாடகையில் 5 சதவீதத்தை நகராட்சிக்காகத் தேவா பில்லிலேயே பன்னிரண்டு பங்காக வசூலிப்பார்கள். 60,000 வாடகைக்கு மாதம் 250 திர்ஹாம். கரண்ட் ஒரு யூனிட்கூட ஓடாவிட்டாலும் இது வரும். அடுத்தது சில்லர், அதாவது ஏசிக்கான குளிரூட்டும் செலவு. சில கட்டடங்களில் ஏசி தேவா மீட்டரில் ஓடும். சிலவற்றில் குளிரூட்டும் கம்பெனி தனி, அதற்குத் தனி டெபாசிட், தனி பில். "சில்லர் ஃப்ரீ" (அந்தச் செலவு வாடகைக்குள் அடக்கம்) என்று விளம்பரத்தில் இருந்தால் அந்தச் சொல் வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் பில் எவ்வளவு வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் உண்மை தெரியும். கட்டடக் காவலாளியான நாத்தூரிடம் கேட்டாலும் சொல்வார். ஏஜென்ட் சொல்லும் தொகையை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் பள்ளி ஃப்ளாட்டை விட்டு வெளியே வந்தோம் என்றால், குடும்ப விசாதான் காரணம். மனைவி, பிள்ளைகளை ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 சம்பளமும் தங்குமிடமும் வேண்டும். சம்பளம் தடையாக இருக்கவில்லை. வீட்டுக்கான ஆதாரத்தில்தான் சிக்கினோம். பள்ளி தரும் வீட்டுக்கு உங்கள் பெயரில் எஜாரி கிடையாது. பள்ளியின் எஜாரி நகலும், இன்ன ஃப்ளாட்டை இவருக்குக் குடும்பத்தோடு ஒதுக்கியிருக்கிறோம் என்ற கடிதமும் வேண்டும். எங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் "தங்குமிடம் வழங்கப்படுகிறது" என்ற ஒற்றை வரிதான் இருந்தது. ஃப்ளாட் எண் இல்லை, குடும்பம் என்ற சொல்லும் இல்லை. விசா விண்ணப்பங்களைப் பதிந்து தரும் டைப்பிங் சென்டரில் ஏற்கவில்லை. திருத்திய கடிதம் கேட்டு மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பியும் பதில் வரவில்லை. பள்ளி ஃப்ளாட்டை இன்னோர் ஆசிரியரோடு பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு என்றால் குடும்பத்தை அழைக்க வழியே இல்லை. இதை நேர்காணலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு தாளையும் நினைவூட்டுகிறேன். திருமணச் சான்றிதழை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு முத்திரை. டெல்லியில் ஒட்டித் தரும் அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்று மட்டும் போதாது. டிகிரிக்கு இதையெல்லாம் பள்ளியே வற்புறுத்திச் செய்யவைக்கும். திருமணச் சான்றிதழைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். வந்த பிறகு ஊருக்கு அனுப்பி முத்திரை வாங்க வாரங்கள் ஆகிவிடும்.

சொந்தமாக வீடு எடுப்பதில் வரிசை முக்கியம். மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, பேங்க் கணக்கு, செக் புக், வாடகை ஒப்பந்தம், எஜாரி, தேவா, குடும்ப விசா. ஒவ்வொன்றும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதிகம் இழுப்பது செக் புக். புதிய கணக்குக்கு முதலில் பெரும்பாலும் 10 தாள் உள்ள புத்தகம்தான் தருவார்கள், பன்னிரண்டு செக் கேட்கும் உரிமையாளரிடம் அது போதாது. கையெழுத்து பேங்க்கில் கொடுத்த மாதிரியோடு அப்படியே பொருந்த வேண்டும். தமிழில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அவசரத்தில் சுருக்கிப் போட்டுவிடாதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து சட்டம் மாறி, கணக்கில் பணம் குறைவு என்பதற்காக மட்டும் செக் திரும்பினால் முன்போல் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனால் அதை வைத்து பணத்தை வசூலிக்க உரிமையாளர் நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம், பயண தடை வரையிலும் போகும். செக் தேதியையும் சம்பளத் தேதியையும் பொருத்திக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி செக், ஐந்தாம் தேதி சம்பளம் என்றால் ஒவ்வொரு காலாண்டும் நெஞ்சு படபடக்கும்.

செக் யார் பெயரில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. டைட்டில் டீடில் உள்ள உரிமையாளர் பெயர், அல்லது முறையான அதிகாரம் உள்ள நிர்வாகக் கம்பெனி. ஏஜென்டின் சொந்தப் பெயரில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரேரா என்பது துபாயின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்பு. ஏஜென்டின் ரேரா அட்டை எண்ணை, நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் சரிபார்க்கலாம். வீட்டைப் பார்க்கப் போகும்போதே கதவருகே ஒட்டியிருக்கும் 9 இலக்க தேவா எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஜாரிக்கும் தேவாவுக்கும் அதைக் கேட்பார்கள். எஜாரி கிடைத்ததும் வீட்டில் உங்களோடு வசிப்பவர்கள் பெயரையும் அதே செயலியில் சேர்த்துவிடுங்கள். 2022-லிருந்து இது கட்டாயம்.

எங்கள் பெரிய தவறு தேதி. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். நாங்கள் செப்டம்பரில் குடிபோனதால் குத்தகையும் செப்டம்பரில்தான் முடியும். மார்ச்சில் பள்ளி மாறினாலோ ஊர் திரும்பினாலோ மீதி ஆறு மாத வாடகை கழுத்தில் தொங்கும். துபாய்ச் சட்டம் குத்தகையைப் பாதியில் முறிக்கும் உரிமையைக் குடித்தனக்காரருக்குத் தானாகக் கொடுப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. "60 நாள் முன்னறிவிப்பு, இரண்டு மாத வாடகை அபராதம்" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான உரிமையாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். முடிந்தால் முதல் குத்தகையை மார்ச் கடைசிக்கு முடியும்படி பேசுங்கள்.

பள்ளி வீட்டின் பாதகம் இதற்கு நேரெதிர். வேலை முடிந்த சில நாட்களில் காலி செய்ய வேண்டும். எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், பலர் அதைப் படிப்பதே இல்லை. வருட நடுவில் வேறு கட்டடத்துக்கு மாறச் சொன்னாலும் மறுக்க முடியாது. ஆனால் கரண்ட், மெயின்டனன்ஸ், பள்ளி பஸ் எல்லாம் பள்ளியின் தலைவலி. தனியாக வரும் ஆசிரியருக்கு, தனி அறை கிடைக்கும் என்றால், முதல் வருடம் அதையே எடுங்கள் என்பேன். ஒரு வருடச் சேமிப்பும், செக் புக்கும், ஊர் பற்றிய அறிவும் கையில் வந்த பிறகு, புதுப்பிக்கும்போது அலவன்ஸ் கேளுங்கள். மாறும் வாய்ப்பு உண்டா, எந்த மாதத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அலவன்ஸ் தொகையைப் பார்த்து மயங்கும்போது அடிப்படைச் சம்பளத்தையும் பாருங்கள். கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தில்தான்: முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள், அதன் பிறகு 30 நாள். மொத்தம் 7,000 என்று சொல்லி அடிப்படையை 3,000 ஆக்கி, மீதியை அலவன்ஸாகப் பிரித்திருந்தால், கிளம்பும்போது கையில் வருவது 3,000-க்கான கணக்கு மட்டுமே.

ஷார்ஜாவில் வாடகை குறைவு என்று பலர் அங்கே போகிறார்கள். அங்கே எஜாரி கிடையாது. நகராட்சியில் ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும், கரண்டுக்கு தேவா போல அங்கே சேவா. 2024-ன் புதிய சட்டப்படி முதல் மூன்று வருடம் வாடகை ஏற்ற முடியாது, அது பெரிய நிம்மதி. ஆனால் காலை ஏழரைக்கு துபாய் வகுப்பறையில் நிற்க வேண்டியவர் இரண்டு ஊரையும் இணைக்கும் இத்திஹாத் சாலை நெரிசலைக் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளி பஸ் ஷார்ஜாவுக்கு வருமா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

துபாயில் வாடகை ஏற்றத்துக்கு வரம்பு உண்டு. ரேரா வாடகைக் குறியீட்டில் அந்தப் பகுதிக்குக் காட்டும் சராசரியைவிட உங்கள் வாடகை 10 சதவீதம் வரை குறைவு என்றால் ஏற்றமே கூடாது. 11 முதல் 20 வரை குறைவு என்றால் 5 சதவீதம், 21 முதல் 30 என்றால் 10, 31 முதல் 40 என்றால் 15, அதற்கும் மேல் என்றால் 20. உரிமையாளர் 90 நாள் முன்பே அறிவிக்க வேண்டும். எங்களுக்கு 40 நாள் இருக்கும்போது "ஏழாயிரம் கூடுதல்" என்று வாட்ஸ்அப் வந்தது. 2007-ஆம் ஆண்டின் 26-ஆம் எண் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் காட்டி, குறியீட்டின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்து மரியாதையாகப் பதில் அனுப்பினோம். இரண்டு நாளில் பழைய வாடகைக்கே ஒப்பந்தம் வந்தது. எங்கள் அலைச்சல் முழுவதிலும் மனம் நிறைந்த நாள் அதுதான்.

குடிபோன அன்றே ஒவ்வொரு சுவரையும், ஏசியையும், குளியலறைக் குழாயையும் தேதியோடு வீடியோ எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். சாதாரணத் தேய்மானத்துக்கு டெபாசிட்டில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் ஆதாரம் உங்களிடம் இருக்க வேண்டும். காலி செய்யும்போது தேவா இறுதி பில்லைக் கட்டி, டெபாசிட் திரும்ப வர உங்கள் ஐபான் எண்ணை (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கொடுங்கள். பிறகு எஜாரியை ரத்து செய்யவைத்து, அந்த ரசீதைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து அந்த வீட்டுக்கு வரும் குடும்பம் எங்களைப் போல வெயிலில் நிற்கும்.