ஏடி620 வெளியீடு 1.1 வோல்ட்டில் நின்றுவிட்டால்

பத்து கிலோ லோட் செல் (எடையைச் சிறு வோல்ட்டேஜாக மாற்றும் உணரி), அதைப் பெருக்க ஏடி620 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி, 5 வோல்ட் ஒற்றை சப்ளை. தட்டு காலியாக இருக்கும்போது வெளியீடான 6ஆம் பின்னில் 0 வோல்ட் எதிர்பார்த்தோம். வந்தது 1.1 வோல்ட். எடை வைத்தாலும் அசையவில்லை. ஐந்தரைக் கிலோவைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்காக ஏறத் தொடங்கியது. இப்படி நடந்தால் பெரும்பாலும் ஐசி போய்விட்டது என்று வேறொன்றை மாட்டிப் பார்ப்பார்கள். புது ஐசியும் அதே 1.1-ஐத்தான் காட்டும்.

மீட்டரை எடுப்பதற்கு முன் கணக்கைப் போட்டுவிட வேண்டும். செல் 2 மில்லிவோல்ட்/வோல்ட் வகை. 5 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு 10 மில்லிவோல்ட். 1, 8 பின்களுக்கு நடுவே 249 ஓம். கெயின் (பெருக்கும் மடங்கு) = 1 + 49,400 ÷ 249, அதாவது 199.4. ஆகவே முழு எடைக்கு 1.99 வோல்ட், ஐந்தரைக் கிலோவுக்கு 1.1 வோல்ட். வெளியீடு எந்த எடையில் அசையத் தொடங்குகிறதோ, அந்த எடைக்குரிய வோல்ட்டேஜில்தான் அதுவரை நின்றிருக்கிறது. செல்லும் கெயினும் சரி, கீழே ஒரு தரை, அதாவது வெளியீடு அதற்குக் கீழே இறங்க முடியாத எல்லை, இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் அளந்து உறுதி செய்வது நல்லது. மீட்டரின் கறுப்பு முனையை அடாப்டரின் கிரவுண்டில் வைக்காமல் ஐசியின் 4ஆம் பின்னிலேயே வையுங்கள். பிரெட்போர்டில் இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. 7ஆம் பின்னில் 5 வோல்ட். உள்ளீடுகளான 2, 3 பின்களில் தனித்தனியே ஏறக்குறைய 2.5 வோல்ட். 2-க்கும் 3-க்கும் நடுவே எடைக்கு ஏற்ப 0 முதல் 10 மில்லிவோல்ட். அடுத்து, பலர் விட்டுவிடும் ஓர் அளவு: 1-க்கும் 8-க்கும் நடுவே, அதாவது கெயின் ரெசிஸ்டரின் இரு முனைகளில். அங்கும் அதே மில்லிவோல்ட் வந்தால் ஐசியின் முன்பாதி உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு பின்களும் உள்ளீட்டைவிட 0.6 வோல்ட் அளவு தாழ்ந்திருக்கும். உள்ளே டிரான்சிஸ்டரின் எமிட்டர் அங்கே வருவதால் அப்படி. அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

எங்கள் சுற்றில் இவை எல்லாம் சரியாகவே இருந்தன. மிச்சம் 5ஆம் பின், ரெஃபரன்ஸ்: வெளியீடு எந்த வோல்ட்டேஜிலிருந்து ஏற வேண்டும் என்று சொல்லும் பின். அது கிரவுண்டில் இருந்தது. ஏடி620-இன் வெளியீடு கீழ் சப்ளைக்கு (4ஆம் பின்) ஏறக்குறைய 1.1 வோல்ட் மேலேயும், மேல் சப்ளைக்கு 1.2 வோல்ட் கீழேயும் நின்றுவிடும். 5 வோல்ட்டில் நமக்குக் கிடைக்கும் இடம் 1.1 முதல் 3.8 வரைதான். பூஜ்யம் அதற்குள் இல்லை.

உடனே தோன்றும் தீர்வு, இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் 2.5 வோல்ட் பிரித்து 5ஆம் பின்னுக்குக் கொடுப்பது. தவறு இங்கேதான் ஒளிந்துகொள்கிறது, ஏனென்றால் காலித் தட்டில் வெளியீடு ஏறக்குறைய 2.5 காட்டும். 5 கிலோ வைத்தால் 1 வோல்ட் ஏற வேண்டிய இடத்தில் 1.1 வோல்ட் ஏறும். அந்தப் பின்னுக்கு உள்ளே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. வெளியிலுள்ள பிரிப்பான் அதற்குத் தொடராக 5 கிலோ ஓம் சேர்த்து உள் சமநிலையைக் கெடுக்கிறது. கெயின் 10 சதவீதம் கூடுகிறது. இரண்டு உள்ளீடுகளுக்கும் பொதுவான வோல்ட்டேஜ் 1 வோல்ட் மாறினால் வெளியீட்டில் 0.2 வோல்ட் கசிகிறது. இதைப் பிடிக்க எளிய வழி, எடை வைத்தபடியே 5ஆம் பின்னை அளப்பது. அசையவே கூடாது. 5 கிலோவுக்கு அது 0.1 வோல்ட் நகர்ந்தால் காரணம் பிரிப்பான்தான். அதுவும் போக, 2.5-ல் தொடங்கினால் முழு எடைக்கு 4.49 வேண்டும், கூரை 3.8.

செய்தது இது: மேலே 22 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம், நடுவே 1.56 வோல்ட், கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட். அங்கிருந்து எம்சிபி6002 என்ற இரட்டை ஆப்-ஆம்ப்பின் ஒரு பாதியை ஃபாலோயராக (அதே வோல்ட்டேஜை அசையாமல் தாங்கித் தரும் இடைநிலையாக) வைத்து 5ஆம் பின்னுக்கு. 7ஆம் பின்னை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட். இப்போது 1.56 முதல் 3.55 வரை, தரையிலும் கூரையிலும் முட்டாமல் ஓடுகிறது.

சோதனைக்காக 2, 3 பின்களை ஒன்றாக இணைத்து கிரவுண்டில் போடும் பழக்கம் இந்தச் சுற்றில் ஏமாற்றும். ஏடி620-இன் உள்ளீடு கீழ் சப்ளைக்கு 1.9 வோல்ட் மேலேயாவது இருக்க வேண்டும். இணைத்த பின்களை 2.5 வோல்ட்டில் கட்டுங்கள். 6ஆம் பின், 5ஆம் பின்னை ஒட்டியே நிற்க வேண்டும். உள்ளீட்டு ஆஃப்செட் (ஐசியின் உள்ளேயே இருக்கும் சிறு பிழை வோல்ட்டேஜ்) அதிகபட்சம் 125 மைக்ரோவோல்ட் என்றால் இந்தக் கெயினில் 25 மில்லிவோல்ட் விலகலாம், அது இயல்பு.

ஐசியை மாற்றுவதானால் கவனம். ஏடி623, ஐஎன்ஏ128 இரண்டும் அதே பின் வரிசைதான், சாக்கெட்டில் அப்படியே உட்காரும். கெயின் சூத்திரம்தான் வேறு. ஏடி623-க்கு 49,400-க்குப் பதில் 1,00,000. அதே 249 ஓமுக்கு கெயின் 402.6 ஆகிவிடும்; 499 ஓம் போட வேண்டும். ஐஎன்ஏ128-க்கு 50,000, வித்தியாசம் சிறிது.

வெளியீடு ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல ஊர்ந்து கூரையைத் தொட்டால் அது வேறு நோய். செல்லுக்குத் தனி அடாப்டர் கொடுத்து, கிரவுண்டுகளை இணைக்க மறந்த சுற்றுகளில் வரும். தெர்மோகப்பிளை (வெப்பநிலை உணரி) இரண்டு கம்பியோடு மட்டும் மாட்டினாலும் வரும். உள்ளீட்டுக்கு நானோஆம்பியர் அளவு மின்னோட்டம் வேண்டும், அது திரும்பிப் போக வழி இல்லை. உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வைத்தவுடன் எல்லாம் சரியாகி, எடுத்ததும் மறுபடி ஊர்ந்தால் இதுதான்; மீட்டரின் 10 மெகா ஓமே அந்த வழியாகிவிடுகிறது. செல்லுக்கு இரண்டு கிரவுண்டுகளையும் இணைத்தால் போதும். தெர்மோகப்பிளுக்கு ஒரு கம்பியிலிருந்து 100 கிலோ ஓம் போடுங்கள், ஆனால் கிரவுண்டுக்கு அல்ல, அதே 2.5 வோல்ட்டுக்கு.