ஏ.டி.எல். மருந்து ஆய்வு: வைரஸைத் தேடிப் போய்ச் செல்லில் நின்ற கதை

எச்.டி.எல்.வி-1 வைரஸால் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடும் குழுவில் இருக்கிறேன் என்றால் போதும், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே கேள்வி: "வைரஸ்தானே காரணம்? அதை ஒழித்தால் முடிந்ததே?" நியாயமான கேள்விதான். என் வேலையின் முக்கால்வாசித் தலைவலியும் அதற்குள்தான் இருக்கிறது.

நோயின் பெயர் அடல்ட் டி-செல் லுகேமியா, சுருக்கமாக ஏ.டி.எல். (டி-செல் என்பது நோயெதிர்ப்பைச் சேர்ந்த ஒரு வகை வெள்ளை அணு.) 1977-இல் ஜப்பானில் தகட்சுகி குழுவினர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். வைரஸ் பற்றிய முதல் அறிக்கை 1980-இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஏ.டி.எல். வருபவர்களுக்குப் பெரும்பாலும் குழந்தையிலேயே தாய்ப்பால் வழியாகத் தொற்றியிருக்கும். தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் நோய் வருகிறது, அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. அதற்குள் வைரஸ் செல்லின் டி.என்.ஏ.வில் பதிந்து, செல் பிரியும்போதெல்லாம் கூடவே பிரதியாகிக்கொண்டிருக்கும். புதுச் செல்களில் தொற்றாமல் தடுக்கும் மருந்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. (சிடோவுடின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும், நோயெதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரானும் சேர்த்துக் கொடுத்தால் சில வகை ஏ.டி.எல். கட்டுப்படுகிறது. எப்படி என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.)

சரி, வைரஸின் புரதத்தைக் குறிவைக்கலாமே? டி-செல்லை முதலில் தறிகெட்டுப் பெருகவைப்பது டாக்ஸ் என்ற புரதம். ஆய்வுக்கூடங்களில் தொடர்ந்து வளர்த்துவரும் எம்.டி-2 செல்களில் டாக்ஸ் கொட்டிக் கிடக்கும், வளர்ப்பதும் சுலபம். ஆனால் அவை நோயாளியின் புற்றுச் செல்கள் அல்ல. நோயாளியின் செல்லோடு தொப்புள்கொடி ரத்தச் செல்லைச் சேர்த்து வளர்த்து உருவானவை. நோயாளியின் உடலில் இருக்கும் ஏ.டி.எல். செல்களில் டாக்ஸ் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். நோயெதிர்ப்பு அணுக்கள் முதலில் மோப்பம் பிடிப்பது அதைத்தான் என்பதால், மறைத்துக்கொண்ட செல்களே தப்புகின்றன. எம்.டி-2வை மட்டும் வைத்துக்கொண்டு மருந்து கண்டோம் என்று சொல்லும் கட்டுரைகளை நான் பாதி மனதோடுதான் படிப்பேன்.

ஆகவே நோயாளிகளின் ரத்தத்துக்கு வந்தோம். நீர்த்த ரத்தத்தை, செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் ஃபைகால் கரைசலின் மேல், குழாயின் சுவரோரமாகக் கலங்காமல் விட வேண்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்ததும் நடுவே மங்கலான வெள்ளை வளையம் நிற்கும். வேண்டியது அதுதான். ஒரு துளியைச் சாயமிட்டுப் பார்த்தால், உட்கரு இதழ் இதழாகப் பிளந்த பூச்செல்கள், அதாவது ஏ.டி.எல். செல்கள். அடுத்துதான் சிக்கல். வளர்ப்புத் தட்டில் இட்ட சில மணி நேரத்திலேயே, பல மாதிரிகளில், உடலுக்குள் அணைந்திருந்த டாக்ஸ் விழித்துக்கொள்கிறது. மருந்தே படாத செல்லும் வேறு செல்லாகிவிடுகிறது! அதனால் ரத்தம் வந்தவுடன் ஒரு பங்கைப் பிரித்து உறையவைத்துவிடுவோம். அந்த ஒப்பீடு இல்லாத முடிவை எங்கள் குழுவில் யாரும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

இதுவரை பலித்தவற்றில் பெரும்பாலானவை வைரஸை விட்டுச் செல்லைக் குறிவைத்தவைதான். மொகாமுலிசுமாப் என்ற மருந்து ஏ.டி.எல். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் சி.சி.ஆர்.4 புரதத்தைப் பிடிக்கிறது. ஜப்பானில் 2012-இல் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் 26 பேரில் 13 பேருக்குப் பலன். ஆனால் நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் நல்ல டி-செல்களிலும் அதே சி.சி.ஆர்.4 உண்டு. அவையும் சேர்ந்து அழிவதால், பிறகு ஸ்டெம் செல் மாற்று செய்தால் தானம் பெற்ற செல்கள் நோயாளியையே கடுமையாகத் தாக்கும் அபாயம் கூடுகிறது.

எனக்கு நம்பிக்கை அதிகம் இருப்பது 2022-இல் ஜப்பானிலேயே அனுமதி பெற்ற வாலமெட்டோஸ்டாட் என்ற மருந்தின் வழியில்தான். ஏ.டி.எல். செல்லில், தறிகெட்ட பெருக்கத்தைத் தடுக்கும் பல காவல் மரபணுக்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கும். பூட்டுப் போடும் இ.இசட்.எச்.1, இ.இசட்.எச்.2 நொதிகளை இது தடுக்கிறது. 25 பேரில் 12 பேருக்குப் பலன் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் இந்த வகை மருந்து பொறுமையைச் சோதிக்கும். வழக்கமான மூன்று நாள் சோதனையில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும். பூட்டுகள் கழல ஒரு வாரத்துக்கு மேல் வேண்டும், நோயாளியின் செல்லோ அதற்குள் தட்டிலேயே செத்துவிடும். மனிதச் செல் ஏற்றிய எலிகளுக்குப் போவதைத் தவிர வழியில்லை. செலவும் காலமும் பல மடங்கு.

புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று: மாதிரி வரும்போதே, அந்த நோயாளிக்கு இதற்கு முன் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். மொகாமுலிசுமாப் பெற்றவரின் செல்லில் சி.சி.ஆர்.4 தொலைந்திருக்கலாம். அது தெரியாமல் வரைபடம் போட்டால் அடுத்த குழுக் கூட்டம் முழுக்க அந்த ஒரு புள்ளியைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.