விதியா மதியா: ஈஈஜி அறைக் கணக்கு

"நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது" என்று யாராவது சொன்னால், ஈஈஜி (தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவது) எடுப்பவருக்கு முதலில் வாயில் வரும் கேள்வி: "ஃபில்டரை எவ்வளவில் வைத்தார்கள்?"

இந்தப் பேச்சு பெரிதானது 1983இல் நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட சோதனையால். சோதனைக்கு வந்தவர்கள், மடக்க வேண்டும் என்று தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். தோன்றிய கணத்தில், எதிரே கடிகாரத்தில் சுற்றும் புள்ளி எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முன்கூட்டித் திட்டமிடாத அசைவுகளில், தசை அசைவதற்குச் சுமார் 550 மில்லிநொடி முன்பே உச்சந்தலையில் மின்னழுத்தம் சாயத் தொடங்கியிருந்தது. தோன்றியதாக ஆட்கள் சொன்னதோ 200 மில்லிநொடி முன்புதான்.

அந்தச் சாய்வு லேசில் சிக்காது. உயரம் பத்து மைக்ரோவோல்ட் அளவு. கண் சிமிட்டினாலே நூறைத் தாண்டும். வழக்கமான ஈஈஜிக்கு வைக்கும் 0.5 ஹெர்ட்ஸில் லோ ஃபில்டரை (அதைவிட மந்தமான அலைகளை வடிகட்டுவது) விட்டுவிட்டால், மெல்ல ஏறும் அந்த அலை பெரும்பகுதி கரைந்துபோகும். 0.05க்கு இறக்க வேண்டும். இறக்கியதும் வேர்வை வேலையைக் காட்டும். அதுவும் அதே மந்த வேகத்தில் அலைவதால், ஏசி மக்கர் செய்யும் அறையில் கோடு படகுபோல மிதக்கும். எண்ணெய்த் தலையில் எலக்ட்ரோடு ஒட்டாது. முந்தின இரவே தலையை அலசிவிட்டு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்ல வேண்டும். தோலைத் தேய்த்து, பேஸ்ட் வைத்து, இம்பிடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்த பிறகே ரெக்கார்டிங்.

அப்போதும் ஒரு தடவை மடக்கியதில் ஒன்றும் தெரியாது. நாற்பது தடவை மடக்கவைத்து, ஒவ்வொன்றின் பதிவையும் தசை துடித்த கணத்திலிருந்து பின்னோக்கி வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். 30 மைக்ரோவோல்ட் இரைச்சல் ஐந்தாகக் குறையும், அலை தலைகாட்டும். தசைக்குப் பதில் பட்டனை டிரிக்கராக (நேரத்தைக் குறிக்கும் புள்ளியாக) வைத்தால், விரல் அழுந்துவதற்குள் தசை வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். நேரக் கணக்கு தவறும்.

வில்லங்கம் இந்த வெட்டிலேயே இருக்கிறது. அசைவு நடந்த துண்டுகளை மட்டும்தான் எடுக்கிறோம். மூளையின் இரைச்சல் தானாக ஏறி இறங்குகிறது, ஏறி எல்லையைத் தொட்டபோது கை அசைகிறது என்று வைத்துக்கொண்டாலும், பின்னோக்கிச் சராசரி எடுத்தால் இதே சாய்வு கிடைக்கும். 2012இல் நரம்பியலாளர் ஷூர்கரின் குழு கணக்குப் போட்டுக் காட்டியது இதைத்தான். முன்பே எடுத்த முடிவின் தடயமாக அது இருக்க வேண்டிய அவசியமில்லை.

லிபெட்டின் கடிகாரமும் கேள்விக்குரியதே. 2.56 நொடிக்கு ஒரு சுற்று, அறுபது பிரிவு. ஒரு பிரிவு தவறினால் 43 மில்லிநொடி போச்சு. தோலில் கொடுத்த சிறு மின்தூண்டலின் நேரத்தையே லிபெட்டின் ஆட்கள் உண்மையில் நடந்ததைவிடச் சராசரியாக 50 மில்லிநொடி முன்னதாகச் சொன்னார்கள்.

2010இல் ட்ரெவீனா, மில்லர் என்ற ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். ஒலி கேட்டதும் விரலைத் தட்டுவதா வேண்டாமா என்று ஆட்களே முடிவெடுக்க வேண்டும். தட்டியவை ஒரு பக்கம், தட்டாதவை ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்தார்கள். முடிவுக்கு முந்தைய அலை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. அசைக்கும் முடிவின் தடயம் என்றால், அது இரண்டிலும் வேறுபட்டிருக்க வேண்டும்.